பாசம் வேறு, பிரியம் வேறு

1

போன வாரம் நான் ஒரு கிழவியிடம் காதலைச் சொல்லிவிட்டேன்.

அம்பத்தூரை விட்டு ஜெர்மனிக்கு வந்து ஏழெட்டு வருடமாகிறது. இந்த ஊர் மொழி எனக்கு இன்னும் காலுக்குச் சரியாக அமையாத செருப்புதான். நடக்கலாம், ஓட முடியாது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ரொட்டியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுப்பது. அங்கே வேபர் அம்மா என்று ஒருவர் இருக்கிறார். என் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் அவர் தன் மேசையிலிருந்த மெழுகுவத்தியை எடுத்து என் கையில் வைத்து, "உன் அம்மாவுக்கு ஏற்று" என்றார். வெறும் நன்றி போதாது என்று தோன்றியது. உங்கள்மேல் எனக்கு அன்பு என்று சொல்வதாக நினைத்து, "இஷ் லீபெ ஸீ" என்றேன்.

வேபர் அம்மா கண்களை அகல விரித்தார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "என் கணவர் போன பிறகு இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லை" என்றார். அந்தக் கண்ணீர் சிரிப்பால் மட்டும் வந்ததா என்று எனக்குப் பிற்பாடு சந்தேகமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நிர்மலாவுக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி ஆகிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அம்மா! அது புருஷனும் பெண்டாட்டியும் சொல்றது. நான் உன்கிட்ட சொல்றது வேற, 'இஷ் ஹாப் டிஷ் லீப்'. அந்தம்மாகிட்ட 'பிடிக்கும்'னு மட்டும்தான் சொல்லணும்."

இவ்வளவையும் ஜெர்மனில்தான் சொன்னாள். பிறகு, தமிழில் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். அன்பு, பாசம், பிரியம், நேசம், ஆசை, காதல், பரிவு என்று விரல் மடக்கினேன். இத்தனையா என்று வாயைப் பிளந்தாள். "பாசத்துக்கும் பிரியத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள். நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் தொலைக்காட்சியில் அவளுடைய கார்ட்டூன் தொடங்கிவிட்டது. ஓடிவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். எனக்கு அந்த வித்தியாசம் ஒரு சாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

2

எங்கள் வீடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்புறம், ஓட்டுக்கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. காலைச் சங்கு ஊதும்போது தெருவே டிபன் டப்பாவோடு எழுந்து நடக்கும். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா லூர்து மேரி, சுவிட்ச் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தாள். அண்ணன் அருள்ராஜ் லேத் பட்டறையில் டர்னர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாது.

எங்கள் வீட்டில் புழங்கிய வார்த்தைகள் கொஞ்சம்தான். அன்பு என்பது மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சொல்வது, கடிதத்தின் தலையில் எழுதுவது. "எனக்கு உன்மேல் அன்பு" என்று எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. நேசம் பாட்டுப் புத்தகத்தில் இருந்தது. காதல் சினிமாப் போஸ்டரில் இருந்தது. ஆசை என்பது பொருள்மீது வருவது. "ஆசையா வாங்கினேன், கீழ போட்டு ஒடச்சிட்டியே" என்று அம்மா திட்டுவாள். மனுஷர்களுக்கு என்று இருந்தது ஒரே வார்த்தை, பாசம். "பாசம் இல்லாத பசங்க" என்று எங்களைத் திட்டுவதற்குத்தான் அதுவும் பெரும்பாலும் பயன்பட்டது.

எண்பதுகளின் நடுவில், நான் பிளஸ் டூ முடித்திருந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஓவர்டைம் இருக்கிறது என்றான். சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்று அவன் பெயரைச் சொல்லி, இது அவன் வீடுதானா என்று கேட்டார். பெங்களூர் ரோட்டில், சென்னீர்குப்பம் பக்கத்தில் லாரி அடித்துவிட்டிருந்தது.

கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வந்தது மறுநாள். அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில், அம்மாவின் அண்ணன் அந்தோணி மாமா பட்டறைப் பையன்களிடம் கேட்டார்: "பட்டற இங்க கீது. ஞாயித்துக்கெழம இவனுக்கு சென்னீர்குப்பத்துல இன்னா வேல?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணாத்தே ஒரு பொண்ண டாவு அடிச்சிகினு இருந்தாரு மாமா. பூந்தமல்லிப் பொண்ணு. துலுக்கப் பொண்ணு. அத்தப் பாக்கத்தான் வாரா வாரம் போவாரு."

தாழ்ந்த குரல்தான். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். டாவு என்பது எஸ்டேட் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டு சொல்கிற வார்த்தை. அதைச் செத்த பிள்ளையின் முகத்தின்மீது யாரோ போட்டுவிட்டது போல, அவள் தன் புடவைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

3

முப்பதாம் நாள் பூசையன்று கோயிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். எல்லோரும் முழந்தாளிட்டபோதும் எழுந்தபோதும் அவள் அப்படியே நின்றாள். என்ன செய்வதென்று தெரியாதவள் நிற்பது போல நின்றாள். பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது கேட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

அம்மா நேராக அவளிடம் போனாள்.

"யாரும்மா நீ?"

"தெரிஞ்சவங்க."

"யாருக்குத் தெரிஞ்சவங்க?"

அவள் குனிந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அருளுக்கா?"

தலையை ஆட்டினாள். அதற்குள் அந்தோணி மாமா வந்துவிட்டார். அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

"இன்னா தைரியம் இருந்தா கோயில் வரைக்கும் வருவ? உன்னப் பாக்க வந்துட்டுப் போறப்பதான அவன் செத்தான்? நீ இல்லன்னா இன்னிக்கு லேத்துல நின்னுகினு இருப்பான் எங்க புள்ள!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. அவளும் அதையேதான் முப்பது நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நான் பயந்தேன்.

"அண்ணே, சத்தம் போடாத. இவ எங்கூட ஊட்டுக்கு வரட்டும். எனக்கு ஒண்ணு கேக்கணும்."

வீட்டுக்குக் கூட்டிவந்தாள். முன்னறையில் உறவுக்காரர்கள் இருந்ததால் அடுப்படியில் உட்காரவைத்தாள். நானும் கூட இருந்தேன். பெயர் மும்தாஜ் என்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை. பூந்தமல்லி பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்டாப்பில் பழக்கம். வீட்டில் சந்தேகம் வந்து வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சென்னீர்குப்பத்தில் அவளுடைய பெரியம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போவாள். தெருமுனைக் கடையில் சாமான் வாங்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் பேசுவார்கள். அவ்வளவுதான்.

அம்மா எதையும் குறுக்கே கேட்கவில்லை. அவள் முடித்த பிறகு கேட்டாள்: "அன்னிக்கு கடைசியா இன்னா பேசுனான்?"

மும்தாஜ் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களப் பத்திதாம்மா."

"என்னப் பத்தியா?"

"எங்கம்மாக்கு கண்ணு சரியா தெரியல, கம்பெனில தப்பு தப்பா பேக்கிங் பண்ணி திட்டு வாங்குது, கண்ணாடி போடுன்னா மாட்டேங்குதுன்னு சொன்னாரு. 'நான் சொன்னா கேக்காது. நீ வந்து சொன்னா கேக்கும்'னு சொல்லிட்டு சிரிச்சாரு. சைக்கிள்ல ஏறிட்டாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "ரெண்டு பேரும் கல்யாணம்னு பேசிகினீங்களா?" என்றாள்.

"அந்த அளவுக்கெல்லாம் பேசலம்மா. லவ்வு கிவ்வுன்னுகூட அவரு சொன்னதில்ல. 'உம்மேல பிரியமா கீறேன்'னு ஒரு தபா சொன்னாரு. அது எங்க ஊட்டு வார்த்த. எங்கம்மா அப்படித்தான் பேசும். நான் பேசிப் பேசி அவருக்கும் வந்துடுச்சி."

"பிரியம்" என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். தான் பெற்று, பேசக் கற்றுக்கொடுத்த பிள்ளையின் வாயில் தனக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. அது அவளைச் சுட்டதா, ஆற்றியதா, எனக்குத் தெரியாது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மும்தாஜின் முகத்தையும் ஈரக்கையால் துடைத்துவிட்டாள். அடுத்த வாரம் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

4

அதற்குப் பிறகு மும்தாஜ் அவ்வப்போது வந்தாள். என்ன சாக்குச் சொல்லிவிட்டு வருவாள் என்று நாங்கள் கேட்டதில்லை. வந்தால் அருளைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது, பஸ்ஸில் நடந்த சண்டை, ஜாக்கெட்டுக்குக் கை தைக்கிற விதம், இப்படித்தான் போகும் பேச்சு. நடுவில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவதை நிறுத்துவார்கள். அப்போது எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பருத்திப்பட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பஷீர். செய்தி சொல்ல வந்த மும்தாஜ், சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள். அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"நல்ல எடமா?"

"ம்."

"ஒத்துக்கோ. இப்படியே இருந்து இன்னா பண்ணப் போற? அவன் வரமாட்டான்."

இதை அம்மா சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சாதாரணமாக, பால் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் பூந்தமல்லிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் எங்களை உட்காரவைத்தார்கள். மும்தாஜ் பூவும் ஜரிகையுமாக இருந்தாள். அம்மா போய்ப் பக்கத்தில் நின்றதும் அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. யாரோ ஒரு பெண், இவங்க யாரு என்று கேட்டாள். மும்தாஜின் தாயார், "கம்பெனி ஆன்ட்டி" என்று சொன்னார். அந்தத் தாயாருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு அப்போதே பட்டது. சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் அம்மாவுக்குத் தானே பரிமாறினார்.

திரும்பி வந்த அம்மா இரண்டு நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. என்னம்மா செய்யுது என்று கேட்டேன்.

"எம்புள்ள கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி கீதுடி. புள்ளதான் இல்ல."

சில மாதம் கழித்து பஷீர் தனியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். உள்ளே வந்து உட்கார்ந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த அருளின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவருதானா?"

அம்மா தலையாட்டினாள்.

"அவளே எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா. மொதல்ல எனக்கு ஒரு மாதிரிதான் இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். அப்பறம் யோசிச்சேன். செத்துப்போனவரு மேல நான் இன்னா கோவப்படறது? கல்யாணம் ஆனப்பறம் அவ இங்க வர்றத நிறுத்திட்டா. அப்பலேந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அவள வரச் சொல்லுங்க. நீங்களும் எங்க ஊட்டுக்கு வாங்க."

அவர் போன பிறகு அம்மா அந்தப் படத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் செய்ததற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. இரக்கம் என்றால் மேலே நின்று கீழே பார்ப்பது போலிருக்கிறது. பெருந்தன்மை என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. பரிவு என்று சொல்லலாமோ. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுவது.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரஹ்மத் என்று பெயர் வைத்தார்கள். அம்மா பருத்திப்பட்டுக்குப் போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ரகுமத்து, ரகுமத்து" என்று கொஞ்சினாள். அப்போது பஷீர் சொன்னார்: "அர்த்தம் தெரியுமாம்மா? தமிழ்ல சொன்னா அருள். நான்தான் வெச்சேன்."

அம்மா குழந்தையை மும்தாஜிடம் கொடுத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை.

5

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் சேவியர் எஸ்டேட்டில் அச்சுக்கருவி செய்யும் கம்பெனியில் இருந்தார். அந்தக் கம்பெனிக்கு ஜெர்மனியோடு தொடர்பு இருந்தது. பயிற்சிக்கு என்று போனவர் அங்கேயே வேலை வாங்கிக்கொண்டார். நானும் கிளம்ப வேண்டியதாயிற்று. அம்மாவைத் தனியாக விட்டுப் போவதை நினைத்து நான் பெட்டி அடுக்குவதை நிறுத்தி நிறுத்தி அழுதுகொண்டிருந்தேன். அம்மா புடவைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாத. மும்தாஜு கீறா, பாத்துக்குவா."

எனக்குச் சுருக்கென்றது. "எப்பப் பாரு மும்தாஜு, மும்தாஜு. என்னவிட அவமேலதான் உனக்கு பாசம் ஜாஸ்தி" என்றேன்.

"பாசம் இல்லடி" என்றாள் அம்மா, கை நிற்காமல். "பாசம் உம்மேல. நீ பொறந்தப்பவே வந்துடுச்சி. என்னக் கேட்டா வந்துச்சி? நீ எந்த ஊருக்குப் போனாலும் அது இழுத்துகினேதான் கெடக்கும். வலிக்கும். அவமேல கீறது பிரியம். அது ரெண்டு பேரும் பாத்து வெச்சிக்கிறது. இழுக்காது. பக்கத்துல வந்து குந்திக்கும்."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அம்மா. இதை அவள் யோசித்துச் சொன்னதாகவும் தெரியவில்லை. மடித்த புடவையைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

பாசத்துக்கு இன்னொரு பொருள் கயிறு என்று எனக்கு ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இங்கே முதல் குளிர்காலத்தில், ஜன்னலில் நின்று பனியைப் பார்த்தபடி, அந்தக் கயிறு எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிந்துகொண்டேன். அறுந்துபோனால்கூடத் தேவலை என்று இருந்தது. அறுவதில்லை.

6

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மும்தாஜ் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். "சகாயம், அம்மா பேசறது கொறஞ்சிகினே வருது. பொறப்பட்டு வா" என்றாள்.

என் பாஸ்போர்ட் அப்போது வெளிநாட்டார் அலுவலகத்தில் இருந்தது. தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காக வாங்கி வைத்திருந்தார்கள். ஓடினேன். வரிசைச் சீட்டு எடுத்துக் காத்திருந்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் கெட்டவள் இல்லை. முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"உங்கள் அம்மா இறந்துவிட்டாரா?"

"இல்லை. இன்னும் இல்லை."

"இறப்புச் சான்று இருந்தால் அவசர வழியில் செய்யலாம். நோய் என்றால் மருத்துவமனைக் கடிதம் வேண்டும். ஜெர்மன் மொழிபெயர்ப்போடு."

இன்னும் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேனே, அந்த வார்த்தை என்னை வெகுநாள் விடவில்லை. அம்மா சீக்கிரம் செத்தால் சீக்கிரம் போகலாம் என்று ஒரு விதி. அந்த விதிக்கு முன்னால் நின்றுகொண்டு, கூட வந்திருந்த சேவியரிடம் தமிழில், "நான் என்னங்க கேக்கிறது இவங்ககிட்ட?" என்று அழுதேன். அவர் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

மருத்துவமனைக் கடிதம் வருவதற்குள் மும்தாஜின் அடுத்த போன் வந்துவிட்டது. "சகாயம்" என்று கூப்பிட்டுவிட்டு அவள் பேசவில்லை. பூத்தில் பின்னால் யாரோ, "சீக்கிரம் பேசும்மா" என்று சொல்வது கேட்டது.

நான் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தபோது கல்லறை மண் காய ஆரம்பித்திருந்தது. அருளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலே கிடந்த பூ வாடியிருந்தது. நான் அந்த மண்ணில் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. அழுகை உடனே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல எனக்குச் சொன்னாள். பெட்டியைத் தூக்கியவர்களில் பஷீரும் ஒருவர். குழிக்கு முன்னால் முதல் பிடி மண்ணை யார் போடுவது என்று எல்லோரும் நின்றபோது, அந்தோணி மாமாதான் திரும்பிக் கூட்டத்தில் தேடினாராம். மனுஷருக்கு வயதாகிவிட்டது. தடியூன்றித்தான் நடக்கிறார். "அந்தப் பொண்ணு எங்க? சகாயம் வர்ல. அந்தப் பொண்ணக் கூப்டு, அது போடட்டும் மொதல்ல" என்றாராம்.

7

வீட்டைக் காலி செய்யும்வரை மும்தாஜ் தினமும் வந்தாள். ரஹ்மத்தும் கூட வருவாள். நல்ல உயரமாக வளர்ந்துவிட்டிருந்தாள். பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே மும்தாஜ் அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னாள்.

"வார்டுல ஒரு ஆளுதான் கூட இருக்கணும்னு சொன்னாங்க. நர்சம்மா வந்து நீ யாரு, இன்னா ஒறவுன்னு கேட்டுச்சி. நான் தெரிஞ்சவங்கன்னேன். தெரிஞ்சவங்கல்லாம் இருக்கக் கூடாதுன்னுச்சி. அம்மா கண்ண மூடிகினு படுத்து கெடந்தாங்க. தூங்கறாங்கன்னு பாத்தா, அப்டியே கண்ணத் தொறக்காம, 'எம்மேல பிரியம் வெச்ச பொண்ணு'ன்னாங்க. நர்சம்மாக்கு சிரிப்பு வந்துடுச்சி. 'ஆயா, அதெல்லாம் எழுத முடியாது. ஒறவு இன்னா சொல்லு'ன்னுச்சி. அப்பறம் அந்தம்மாவே மகள்னு எழுதிட்டுப் போயிடுச்சி. நான் ஒண்ணும் சொல்லல சகாயம். சொன்னா வெளிய அனுப்பிடுவாங்களேன்னு பயம். உன் எடத்துல என் பேர எழுதுனாங்க. தப்பா நெனச்சிக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் நான் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், மகளாக அம்மாவிடம் போய்ச்சேர ஒரு கடிதத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். இங்கே அந்த வார்த்தையைக் கேட்காத ஒருத்திக்கு, ஒரு நர்ஸ் அவசரத்தில் அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எழுதினது சரியான இடத்தில்தான். அதுதான் வலி.

"கடைசியா இன்னா சொன்னாங்க?" என்று நான் கேட்டேன். அம்மா அன்று அடுப்படியில் கேட்டது போலவே என் வாயிலும் வந்தது.

"உம்பேரச் சொல்லித்தான் கூப்ட்டுகினு இருந்தாங்க. 'சகாயம் வந்துச்சா, சகாயம் வந்துச்சா'ன்னு. நான் வந்துகினே கீதும்மான்னேன். என் கையப் புடிச்சிகினுதான் உன்னக் கூப்ட்டாங்க."

நான் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதேன். ரஹ்மத் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவர்களைப் பஸ் ஏற்றிவிட ஸ்டாப் வரை போனேன். ஆவடி பஸ்ஸுக்கு நல்ல கூட்டம். மும்தாஜ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "கல்லறத் திருநாளுக்கு நான் வந்து சுத்தம் பண்ணிடறேன். ரெண்டு பேருக்கும். நீ அங்கேந்து கவலப்படாத" என்றாள்.

நான் எப்போதும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று வேறு வந்துவிட்டது. திட்டமிட்டுச் சொல்லவில்லை.

"சரி அண்ணி" என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. ரஹ்மத் கேட்டுவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள். மகள் எதிரே நின்ற வேறொரு பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சகாயம்."

"ஏன்க்கா? என் மனசுல நீங்க அதானே."

"அம்மா ஒரு நாளும் என்ன மருமவளேன்னு கூப்ட்டதில்ல. ஒரே ஒரு தபா கூப்ட்டிருந்தாலும் நான் அப்பறம் உங்க ஊட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டேன். எனக்கு ஊடு கீது. அவரு கீறாரு. எவ்ளோ நல்ல மனுசன். அம்மாக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வரும் அவங்களுக்கு. அத்த முழுங்கிட்டு வேற இன்னாவாச்சும் பேசுவாங்க. நான் பாத்துகினேதான் இருப்பேன்."

"அப்ப நான் எப்படிக் கூப்பிடறது?"

"இவ்ளோ நாளு எப்டி கூப்ட்ட? அப்டியே கூப்டு."

பஸ் வந்துவிட்டது. ரஹ்மத்தை முன்னால் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்து கை விடுபட்டபோது, "அக்கா" என்று உரக்கக் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அண்ணி என்ற வார்த்தை தொண்டையிலேயே நின்றது. அம்மா இப்படி ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் எப்படிச் சோறு தின்றாள், எப்படிச் சிரித்துப் பேசினாள் என்று நினைத்துக்கொண்டே, பூட்டிவிட்டு வந்த காலி வீட்டை நோக்கி நடந்தேன்.